ஐசியூவிலிருந்து கிளினிக்குக்கு: ஒரு செவிலியரின் மேற்படிப்புத் தேர்வு – நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் வருபவர் 32 வயதுச் செவிலியர். நர்சிங்கில் இளங்கலை முடித்து ஏழு ஆண்டுகளாக ஒரே ஐசியூவில் வேலை. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளி திடீரென்று மோசமானால் மற்ற செவிலியர்கள் முதலில் இவரைத்தான் கூப்பிடுவார்கள். கணவருக்குப் பகல் நேர வேலை. ஐந்து வயதில் ஒரு குழந்தை. நான் அப்போது அந்த மருத்துவமனையின் செவிலியர் பயிற்சிப் பிரிவில் இருந்தேன். மேற்படிப்பு, துறை மாற்றம் என்று யோசிப்பவர்கள் என்னிடம் வந்து பேசுவது வழக்கம். ஆளை அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவர் வந்ததும் சொன்னது இதுதான்: “அக்கா, நான் நர்ஸ் பிராக்டிஷனர் படிக்கலாம்னு இருக்கேன். இனிமே நைட் டூட்டி என்னால முடியாது.” ஒன்றுக்கு மற்றது மருந்து என்று அவரே முடிவு கட்டியிருந்தார். தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கான விண்ணப்பத்தைப் பாதி நிரப்பியும் ஆயிற்று. கடைசித் தேதிக்கு ஆறு வாரம் இருந்தது.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் கூடுதல் படிப்பும் நேரடிப் பயிற்சியும் முடித்து, நோயாளியைத் தானே பரிசோதித்து, நோயைக் கணித்து, சட்டம் இடம்கொடுக்கும் நாடுகளில் மருந்தும் எழுதும் செவிலியர். 2002-ல் சர்வதேச செவிலியர் கவுன்சில் இதற்கு ஒரு வரையறை தந்தது. 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் முதுகலைப் பட்டத்தைக் குறைந்தபட்சத் தகுதியாகப் பரிந்துரைத்தது. ஆனால் என்ன செய்யலாம், எதில் கையெழுத்துப் போடலாம் என்பதெல்லாம் அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் பதிவுக் கவுன்சிலையும் பொறுத்தது.

கவனித்தவை

முதலில் அவருடைய நான்கு வார ரோஸ்டரை (டூட்டி அட்டவணையை) எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். 12 மணி நேர ஷிஃப்ட். 14 நாள் டூட்டி, 14 நாள் ஆஃப். தாளில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த 14 ஆஃபில் நைட் முடிந்து வந்து தூங்கியே கழிந்தவை 5. ஆள் இல்லை என்று போன் வந்து கூடுதல் டூட்டிக்குப் போனவை 3. மீதி 6 நாளில் குழந்தைக்கும் பள்ளி விடுமுறையாக இருந்தது ஒரே ஒரு நாள். நைட் டூட்டிகளும் ஒரு கட்டாக இல்லை: ஒரு நைட், ஒரு ஆஃப், மறுநாள் பகல், அப்புறம் இரண்டு நைட் என்று சிதறிக் கிடந்தன. உடம்பு எதற்கும் பழகுவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

நைட் டூட்டி வெறும் அசதிப் பிரச்சினை அல்ல. உடலின் நேர ஒழுங்கைக் குலைக்கும் இரவு ஷிஃப்ட் வேலையை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும் என்ற 2ஏ பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் சேர்த்தது. 2019-ல் மறுபடி ஆராய்ந்தும் அதே பிரிவில்தான் வைத்தது. ஆகவே “நைட் முடியாது” என்ற பேச்சைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது.

அடுத்து, இது பர்ன் அவுட்தானா என்று பார்த்தோம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பட்டியல் பர்ன் அவுட்டை ஒரு நோயாகச் சொல்லவில்லை. வேலையோடு சேர்ந்த நிலை என்றே சொல்கிறது. அதற்கு மூன்று முகங்கள்: சக்தியெல்லாம் வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்புத் தட்டுவது, நாம் செய்வதால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தோன்றுவது. இவரிடம் முதலாவது நிறையவே இருந்தது. இரண்டாவது இல்லை. படுக்கை எண்ணைச் சொல்லாமல் நோயாளியின் பெயரைச் சொல்லித்தான் ஹேண்ட் ஓவர் (அடுத்த ஷிஃப்டிடம் ஒப்படைப்பது) கொடுத்துக்கொண்டிருந்தார். வேலை வெறுத்துப்போனவர் அப்படிச் செய்வதை நான் அதிகம் பார்த்ததில்லை.

நாங்கள் கவனித்த மூன்றாவது விஷயம் வேறு விதமானது. வென்டிலேட்டரிலிருந்து எடுத்த ஒரு நோயாளியை அவர் கவனித்துக்கொண்டிருந்த நாளில் நானும் ஐசியூவில் இருந்தேன். மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 95-லேயே நின்றது. மூச்சு விகிதம் மட்டும் நிமிடத்துக்கு 18-லிருந்து மெல்ல 28-க்கு ஏறியிருந்தது. முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தவர் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தார். செவிலியர் உடனே சொன்னார். டூட்டி டாக்டர் 95-ஐப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம் என்றார். ஒன்றரை மணி நேரம் கழித்து மாஸ்க் வழியாகச் சுவாச உதவி தர வேண்டியிருந்தது. நோயாளி தேறிவிட்டார். அன்று ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போது செவிலியர் சொன்னார்: “எனக்கு முன்னாடியே தெரியுது அக்கா. ஆனா என் கையில ஒண்ணும் இல்லை.”

ஆக, அவரிடம் இருந்தது இரண்டு பிரச்சினை. ஒன்று தூக்கம், நேரம். இன்னொன்று, தன் கணிப்பின் மேல் தானே முடிவெடுக்க வேண்டும் என்ற ஆசை. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் ஒன்றுபோலத் தெரிந்தன.

முதல் முடிவு: விண்ணப்பத்தை நிறுத்திவைத்தது

அந்த முறை விண்ணப்பிக்க வேண்டாம், முதலில் ரோஸ்டரை மூன்று மாதம் மாற்றிப் பார்க்கலாம் என்றேன். “ஒரு பேட்ச் போயிடுமே அக்கா” என்று தயங்கினார். அடுத்த சேர்க்கை ஆறு மாதத்தில் வந்துவிடும். மூன்று ஆண்டுப் படிப்பு, அதன் பிறகு ஒரு வாழ்நாள் வேலை. இதில் ஆறு மாதம் பெரிய விலை இல்லை.

காரணம் இதுதான். அசந்துபோன ஒருவருக்கு எந்தக் கதவும் வெளியே போகும் வழியாகத்தான் தெரியும். பிரச்சினை ரோஸ்டர்தான் என்றால் அதைச் சரிசெய்ய முதுகலைப் பட்டம் தேவையில்லை. அசதி தீர்ந்த பிறகும் அந்த ஆசை நின்றால், அதை நம்பி வருடங்களையும் பணத்தையும் போடலாம்.

ஐசியூ இன்சார்ஜிடம் கேட்டது பெரிய சலுகை எதுவும் இல்லை. நைட்களைச் சேர்த்துப் போடுவது, தொடர்ந்து மூன்றுக்கு மேல் போகாமல் இருப்பது, கடைசி நைட்டுக்குப் பிறகு முழுதாக இரண்டு இரவு வீட்டில் தூங்கவிட்டுத்தான் பகல் ஷிஃப்ட் கொடுப்பது. ஷிஃப்ட் வேலைக்கான பாதுகாப்பு வழிகாட்டுதல்களில் வழக்கமாக இருப்பவைதான் இவை. நைட்களின் மொத்த எண்ணிக்கை குறையவில்லை. அதனால் மற்றவர்கள் தலையிலும் ஏறவில்லை. இன்சார்ஜ் சம்மதித்ததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். கூடுதல் டூட்டி போனை எடுப்பதில்லை என்பது செவிலியர் தனக்கே போட்டுக்கொண்ட விதி. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது என்றார்.

மூன்று மாத முடிவில் தூக்கம் மேம்பட்டது. வீட்டில் எரிந்து விழுவது குறைந்தது என்று அவரே சொன்னார். நைட் டூட்டி பிடிக்க ஆரம்பித்துவிட்டது என்றில்லை, தாங்கக்கூடியதாக ஆயிற்று. ஆனால் “என் கையில ஒண்ணும் இல்லை” என்ற குறை அப்படியே இருந்தது. சொல்லப்போனால் கூடியிருந்தது, ஏனென்றால் இப்போது அதை யோசிக்கத் தெம்பு இருந்தது.

எந்தப் பாதை

அதே மூன்று மாதத்தில், வெவ்வேறு பொறுப்பில் இருக்கும் மூத்த செவிலியர்களோடு கூட இருந்து பார்க்க ஏற்பாடு செய்தோம். பாடத்திட்டக் கையேட்டைப் பார்க்க வேண்டாம், ஒரு சாதாரண நாள் காலையிலிருந்து மாலைவரை எப்படிப் போகிறது என்று பாருங்கள் என்பதுதான் நான் சொன்னது. அவர் மனதில் இருந்த வரைபடம் இங்கேதான் மாறியது.

தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸ் பிராக்டிஷனர்தான் அவருடைய முதல் தேர்வு. ஏழு ஆண்டு அனுபவம் நேராகக் கைகொடுக்கும் இடம். ஆனால் ஐசியூ 24 மணி நேரமும் திறந்திருப்பது. அங்கே பிராக்டிஷனராக இருப்பவருக்கும் நைட், வாரக்கடைசி, பண்டிகை எல்லாம் உண்டு. எந்த நைட்டிலிருந்து தப்பிக்க நினைத்தாரோ அதே நைட்டுக்குப் பெரிய பொறுப்போடு திரும்பியிருப்பார். விண்ணப்பம் பாதி நிரப்பியிருந்தது இந்தப் படிப்புக்குத்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

மயக்க மருந்துச் செவிலியர் பணி, அது சட்டப்படி உள்ள நாடுகளில், ஐசியூ அனுபவத்தை மிகவும் மதிப்பது. சம்பளமும் நல்லது. ஆனால் படிப்பு முழுநேரம். வேலை பார்த்துக்கொண்டே படிப்பது அநேகமாக நடக்காது. ஆன் கால் (கூப்பிட்டால் நேரம் பார்க்காமல் வருவது) உண்டு. சிறு குழந்தை உள்ள வீட்டில், ஒரு சம்பளம் மொத்தமாக நிற்கும் நிலையில், இதை அவர் சீக்கிரமே விட்டுவிட்டார்.

கிளினிக்கல் நர்ஸ் ஸ்பெஷலிஸ்ட் என்ற பொறுப்பை அவர் அதற்குமுன் கேள்விப்பட்டதோடு சரி. பெரும்பாலும் பகல் வேலை. ஒரு துறையின் சிகிச்சை முறைகளைச் சீராக்குவது, சிக்கலான நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்வது, செவிலியர்களைப் பழக்குவது. இவருக்கு அது பிடித்தது. ஒரு கட்டத்தில் அதுதான் என்றே நினைத்தோம். ஆனால் அந்தப் பொறுப்பில் இருந்தவர் சொன்ன ஒன்று இவரைத் தடுத்தது: தான் செய்தது வேலை செய்ததா என்று தெரிய மாதக்கணக்கில் ஆகும், நிர்வாகம் செலவைக் குறைக்க நினைத்தால் முதலில் கண் போவதும் இந்தப் பதவி மேல்தான். இவர் தேடியது நோயாளி முன்னால் உட்கார்ந்து எடுக்கும் முடிவு.

நிர்வாகம், கற்பித்தல் இரண்டையும் பலர் ‘நைட் இல்லாத வேலை’ என்று சொல்லித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். வார்டு மேலாளரிடம் கேட்டால் தெரியும்: நைட்டுக்கு ஆள் வராவிட்டால் போன் அவருக்குத்தான் வரும்.

கடைசியாக நாட்பட்ட நோய்களுக்கான வெளிநோயாளர் கிளினிக். இதில் அவருக்கு ஆர்வமே இல்லை. ஐசியூவில் இருந்தவர்களுக்கு ஓபி என்றாலே கொஞ்சம் இளக்காரம். நர்ஸ் பிராக்டிஷனர் என்ற பணி பிறந்ததே இந்தப் பக்கத்தில்தான் என்பது அவருக்குப் புதிய செய்தி. 1965-ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் செவிலியர் லொரேட்டா ஃபோர்டும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் தொடங்கிய முதல் பயிற்சி, மருத்துவமனைக்கு வெளியே இருக்கும் குழந்தைகளின் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்வதற்கானது. இதயச் செயலிழப்பு (இதயத்தின் ரத்தம் இறைக்கும் திறன் குறைவது) கிளினிக்கில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்த பிறகு அவர் சொன்னது: “ஐசியூவுக்கு வர்றவங்க எல்லாம் இங்க இருந்துதான் வர்றாங்க. இங்கயே பிடிச்சா அங்க வர வேண்டாமே.”

அதைத் தேர்ந்தெடுத்தார்.

படிப்பைத் தேர்ந்தெடுத்தது

இரண்டு ஆண்டு முழுநேரம், மூன்று ஆண்டு பகுதிநேரம் என இரண்டு வழி இருந்தன. பகுதிநேரம் என்று முடிவானது வீட்டுப் பேச்சில். கணவர் சொன்னது தெளிவாக இருந்தது: “மூணு வருஷம் வீட்டை நான் பார்த்துக்கறேன். ஆனா முடிச்சுட்டுத் திரும்ப நைட்னு வந்து நிக்கக் கூடாது.”

சேர்வதற்கு முன்னால் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கச் சொன்னேன். படிப்பை முடித்தால் பதிவுக் கவுன்சில் அந்தத் தகுதியை ஏற்குமா? வேலை பார்க்க நினைக்கும் இடத்தில் மருந்து எழுதும் அதிகாரம் உண்டா, யார் மேற்பார்வையில்? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பெயரில் ஒரு பதவி இருக்கிறதா? படிப்பை முடித்துவிட்டு, பதவியே உருவாக்கப்படாததால் பழைய ஸ்டாஃப் நர்ஸ் வேலைக்கே திரும்பியவர்கள் பல நாடுகளில் உண்டு. மூன்றாவது கேள்விக்கு மருத்துவமனையின் பதில் மழுப்பலாக வந்தது. இதயநோய்ப் பிரிவுத் தலைவரைப் பார்த்துப் பேசி, கிளினிக்குக்கு ஒரு பணியிடம் ஒதுக்கும் திட்டக் கடிதம் வந்த பிறகே கட்டணம் கட்டினார்.

படித்த காலம்

டூட்டியைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார், சம்பளமும் பாதியானது. முதல் இரண்டு ஆண்டு பாடமும் தேர்வும் சமாளிக்கக்கூடியதாகவே இருந்தது. உடலியங்கியல், மருந்தியல் எல்லாம் ஐசியூவில் கையால் செய்தவைதான். ஏன் என்பது இப்போது புரிந்தது என்றார்.

மூன்றாம் ஆண்டு நேரடிப் பயிற்சி. மேற்பார்வையாளரை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும் என்பது சேர்க்கைக் கையேட்டில் ஒரு ஓரத்தில் இருந்தது. பல படிப்புகளில் இப்படித்தான் இருக்கிறது. இதயநோய்ப் பிரிவு உறுதி தந்திருந்தது. ஆனால் பொது மருத்துவப் பயிற்சிக்கு ஒருவர் கிடைக்க ஒரு பருவமே தள்ளிப்போனது. மூன்று ஆண்டு மூன்றரை ஆண்டானது. பயிற்சி நாட்களும் ஐசியூ டூட்டியும் ஒரே வாரத்தில் முட்டிக்கொண்டபோது பழைய நிலை திரும்பியது: அதே தூக்கமின்மை, வீட்டில் அதே எரிச்சல். கடைசி நான்கு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். இந்த முறை பிரச்சினை எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருந்தது. படிப்பை விட்டுவிடலாமா என்ற பேச்சு எழவே இல்லை.

புதிய வேலையில்

முதல் சில மாதங்கள் அவர் எதிர்பார்த்தபடி இல்லை. ஐசியூவில் எல்லோரும் தேடி வந்த ஆள், கிளினிக்கில் புது ஆள். நோயாளி ஒவ்வொருவருக்கும் நேரம் அதிகம் எடுத்தது; கோப்பை முடித்துக் கிளம்ப இரவாகும். அதற்கும் மேல், பார்த்த நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் மாலையிலும் வாரக்கடைசியிலும் வந்துகொண்டே இருந்தன. வீட்டில் போனைத் திறந்து பொட்டாசியம் அளவைப் பார்ப்பார். நைட் டூட்டி போயிற்று. அதன் இடத்தில் தலைக்குள் ஒரு டூட்டி வந்து உட்கார்ந்தது. ஷிஃப்ட் வேலையில் ஹேண்ட் ஓவர் கொடுத்ததும் பொறுப்பு கைமாறும். கிளினிக்கில் நோயாளி ‘உங்கள் நோயாளி’யாகவே இருப்பார். வெளியிலிருந்து பார்க்கும் யாரும் இதைச் சொல்வதில்லை.

பிரிவுத் தலைவரோடு பேசி இரண்டு மாற்றம் செய்தார்கள். கிளினிக் அட்டவணையின் கடைசி அரை மணி நேரத்தை முடிவுகளைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்கினார்கள்; அதில் நோயாளி பதிவு கிடையாது. நேரம் கடந்து வரும் ஆபத்தான முடிவுகள் ஆய்வகத்திலிருந்து நேராக ஆன் கால் மருத்துவருக்குப் போகும். இவை நடைமுறைக்கு வந்த பிறகே மாலை நேரம் உண்மையில் அவருடையதானது.

எதற்காக இந்த வழியில் வந்தார் என்பதை ஒரு நாள் கண்ணால் பார்த்தேன். இதயச் செயலிழப்பு உள்ள ஒரு முதியவர். ஒரே வாரத்தில் 3 கிலோ ஏறியிருந்தார், கணுக்காலில் வீக்கம். சிறுநீர் பிரியும் மாத்திரையைக் கூட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவதே சுலபம். இவர் வீக்கத்தை அழுத்திப் பார்த்தபடியே, “நடக்கும்போது முட்டி வலிக்குதா ஐயா?” என்று கேட்டார். வலிக்கிறதாம், பத்து நாளாகக் கடையில் வாங்கிய வலி மாத்திரை போடுகிறாராம். இப்யூப்ரோஃபென் வகை மாத்திரைகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், சிறுநீர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். முதியவர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்த இதய மாத்திரைகளோடு சேர்ந்தால் பொட்டாசியத்தையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். வலி மாத்திரையை நிறுத்தி, அன்றே பொட்டாசியமும், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லி, சில நாளுக்கு மட்டும் சிறுநீர் மாத்திரையைக் கூட்டி, மூன்று நாளில் எடையைப் போனில் சொல்லச் சொன்னார். யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. இதயநோய் மருத்துவருக்கு ஒரு குறிப்பு மட்டும் போயிற்று.

எல்லாமே சுமுகம் என்று எழுத முடியாது. மருந்து மாற்றத்தைப் பார்த்துவிட்டு, “இதை மாத்தினது யாரு?” என்று வார்டிலிருந்து கேள்வி வந்தது உண்டு. எந்தெந்த மருந்தை எந்த அளவுவரை இவர் மாற்றலாம் என்று ஒரு பக்க ஆவணம் தயாரித்து எல்லா வார்டுக்கும் மருந்தகத்துக்கும் அனுப்பிய பிறகு அது அடங்கியது. பணத்திலும் ஏமாற்றம். அடிப்படைச் சம்பளம் கூடியது. நைட் அலவன்ஸ், விடுமுறை நாள் அலவன்ஸ், கூடுதல் டூட்டிப் பணம் மூன்றும் நின்றன. முதல் ஆண்டில் கைக்கு வந்தது பழைய வருமானத்தைவிடக் கொஞ்சம் குறைவே.

இரண்டாம் ஆண்டு முடிவில் கேட்டபோது, திரும்ப ஐசியூவுக்குப் போகும் எண்ணம் இல்லை என்றார். மாதம் ஒரு ஷிஃப்ட் அங்கே செய்துகொண்டிருந்ததையும், கை மறந்துவிடக் கூடாது என்று ஓர் ஆண்டு இழுத்துப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டார்.

இன்னொரு முறை என்றால்

ரோஸ்டர் சோதனையை அப்படியே வைத்துக்கொள்வேன். கூட இருந்து பார்க்கும் நாட்களையும். ஆனால் கிளினிக் நேரத்தில் மட்டும் உட்கார்ந்து பார்த்தது போதவில்லை. கிளினிக் மூடிய பிறகு அந்த ஆள் என்ன செய்கிறார் என்பதையும் பார்க்க அனுப்புவேன். முடிவுகள் வந்து குவிவது அப்போதே தெரிந்திருக்கும். அந்த அரை மணி நேரத்தை வேலையில் சேரும் முன்பே கேட்டு வாங்கியிருக்கலாம்.

வருமானத்தை ஒப்பிடும்போது சம்பளச் சீட்டின் கடைசி வரியை வைத்தே ஒப்பிட வேண்டும், அலவன்ஸ் எல்லாம் சேர்த்து. பொது மருத்துவப் பயிற்சிக்கு மேற்பார்வையாளர் உறுதியாகாமல் முதல் தவணைக் கட்டணம் கட்டக் கூடாது. கடைசி ஆண்டுக்கான சம்பளமில்லா விடுப்பை நெருக்கடி வந்த பிறகு தேடுவதைவிட, முதல் ஆண்டிலேயே அதற்கென்று சேமிப்பது நல்லது. புதிய பதவியின் முதல் ஆண்டில், வாரம் ஒரு முறை மூத்தவர் ஒருவரோடு சிக்கலான நோயாளிகளைப் பற்றிப் பேசும் நேரம் நியமனக் கடிதத்திலேயே இருக்க வேண்டும். இவருக்கு அது இதயநோய் மருத்துவரின் நல்ல மனதால் கிடைத்தது, எழுத்தில் இல்லை.

மருத்துவமனை பக்கத்தில் தீராத ஒன்று உண்டு. இவர் விடுப்பில் போனால் கிளினிக்கைப் பார்க்க ஆள் இல்லை. நோயாளிகளைத் தள்ளிப்போட வேண்டும், திரும்பி வரும் வாரம் இரட்டை வேலை. இரண்டாவது நர்ஸ் பிராக்டிஷனர் பதவிக்கு ஒப்புதல் வந்துவிட்டது. ஆள் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறார். அதுவரை ஒரே மூச்சில் ஒரு வாரத்துக்கு மேல் விடுப்பு எடுப்பதில்லை என்று இவரே வைத்துக்கொண்டிருக்கிறார்.